கையுறை இரண்டும் சோடி சேரவில்லை என்று கேட்ட சகோதரிக்கு

கல்முனையிலிருந்து கேட்டிருக்கும் சகோதரியின் கேள்வி சுருக்கமாக இதுதான். நுவரெலியாவில் படிப்பிக்கும் அக்காவுக்காக, விரல்நுனி வெளியே இருக்கும் மேட்டுப் பின்னல் கையுறை ஒரு சோடியைக் குரோஷேயில் பின்னத் தொடங்கினார். காணொளி பார்த்துப் பின்னிய முதலாவது மேலே போகப் போகப் புனல்போல விரிந்துவிட்டது. இரண்டாவதை அதே நூலிலும் அதே ஊசியிலும் பின்னியும் அது கைக்குள் இறங்கவில்லை. பெருவிரல் ஓட்டையும் இரண்டிலும் இரண்டு இடத்தில் நிற்கிறது. "நூல் பிழையா, ஊசி பிழையா?" என்று கேட்கிறார். இரண்டும் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. மேடு எழும்பும் பின்னலில் கண்ணி எண்ணிக்கையைக் காப்பது எப்படி, இரண்டாவது கையுறையை முதலாவதின் சோடியாக்குவது எப்படி என்பவைதான் இதற்குள் இருக்கும் கேள்விகள். அந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் மற்றவை தானாகச் சரிவரும்.

விரிந்ததற்கான காரணத்தை ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். மேட்டை எழுப்புவது தண்டைச் சுற்றிப் போடும் கண்ணி. வழமையான கண்ணியில் ஊசி முந்திய சுற்றுக் கண்ணியின் தலைக்குள், அதாவது மேலே தெரியும் இரண்டு இழைகளுக்கும் அடியால், நுழையும். முன்தண்டுக் கண்ணியில் அது தலையைத் தொடாமல், கண்ணியின் உடம்பை முன்னாலிருந்து பின்னுக்குப் போய் மறுபடி முன்னுக்கு வந்து அணைத்துக்கொள்ளும். அப்படி அணைத்த கண்ணியின் தலை பாவிக்கப்படாமல் உங்கள் பின்னலுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். அதைத் தாண்டிப் போகவேண்டும். தாண்டாமல் அடுத்த கண்ணியை அந்தத் தலைக்குள்ளேயே போட்டால் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடும். சுற்றுக்கு ஒன்றிரண்டு தடவை இது நடந்தாலே பத்துச் சுற்றில் கையுறை புனலாகிவிடும். ஒவ்வொரு சுற்றையும் மூடும் ஸ்லிப் கண்ணியையும் (இணைக்க மட்டும் போடும் உயரமில்லாத கண்ணி) ஒரு கண்ணியாக எண்ணி அதற்குள் பின்னுவது இதே விளைவைத் தரும் இன்னொரு பழக்கம்.

இரண்டாவது சிறுத்ததற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம். கையுறையைப் பார்க்காமல் எதுவென்று தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மேல் விளிம்பிலுள்ள கண்ணிகளை எண்ணுங்கள். தொடங்கிய எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியும் தவறிப்போகிறது. சுற்றை மூடியபின் ஒரு சங்கிலி போட்டு, மூடிய அதே இடத்திலேயே முதல் கண்ணியைப் போடவேண்டும். பக்கத்துக் கண்ணியில் தொடங்கினால் சுற்றுக்கு ஒன்று குறையும். எண்ணிக்கை சரியாக இருந்தும் சிறிதாக இருந்தால் கை இறுகியிருக்கிறது. முதலாவது பெருத்துவிட்டதே என்ற பயத்தில் நூலை இறுக்கிப் பிடிப்பது இயல்பு. மூன்றாவது சாத்தியம் பெயர்க் குழப்பம். பிரித்தானிய முறையில் "டபிள்" என்றால் அமெரிக்க முறையில் "சிங்கிள்". பிரித்தானியரின் "ட்ரெபிள்"தான் அமெரிக்கரின் "டபிள்". ஒரு செய்முறையில் "சிங்கிள்" என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரித்தானிய முறையில் அப்படியொரு கண்ணியே இல்லை. பழைய கைவேலைப் புத்தகத்தில் படித்த ஒருவர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துப் பின்னினால் உயரமான கண்ணி வரவேண்டிய இடத்தில் குட்டைக் கண்ணி வரும், துணி தடித்து இறுகும். நான் கீழே எழுதுவதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். சந்தேகம் வராமலிருக்க ஒருமுறை விளக்கிவிடுகிறேன். சிங்கிள் என்பது ஊசியில் நூலைச் சுற்றாமல் நுழைத்து, இழுத்து, இரண்டு வளையங்களையும் ஒன்றாக முடிப்பது. அரை டபிள் என்பது நூலை ஒருமுறை சுற்றி நுழைத்து, இழுத்து, மூன்று வளையங்களையும் ஒரே இழுப்பில் முடிப்பது. டபிளும் ஒருமுறை சுற்றி நுழைப்பதுதான், ஆனால் இரண்டிரண்டு வளையமாக இரண்டு தடவையில் முடியும்.

இனி நூல். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். சனவரி விடியற்காலையில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். அங்கே சோக்கட்டி பிடிக்கும் கைக்கு அக்ரிலிக் அல்லது கம்பளி நூல் வேண்டும். மேசைவிரிப்புப் பின்னும் பருத்தி நூல் வேண்டாம். பருத்திக்கு மீள்தன்மை இல்லை. மணிக்கட்டுப் பட்டி சில நாளில் தொளதொளத்துவிடும், நனைந்தால் கையும் குளிரும். மட்டக்களப்பு, அம்பாறை வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும்போது வெயில் படாமல் போடுவதற்கென்றால் பருத்திதான் சரி. அப்போது பட்டியை இரண்டு வரி குறைத்துப் பின்னுங்கள், முதல் கழுவலில் சுருங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். தடிப்பு டிகே (DK) என்றோ 8 பிரி (8 ply) என்றோ லேபலில் இருக்கவேண்டும். அந்தத் தடிப்பில் அக்ரிலிக் 100 கிராம் உருண்டை 250 முதல் 300 மீற்றர் வரை வரும், ஒரு பெண்ணின் கைக்குச் சோடி பின்னிய பிறகும் மிஞ்சும். மேட்டுப் பின்னல் சாதாரணப் பின்னலைவிட நூலைக் கூடத் தின்னும் என்பதால் 50 கிராம் உருண்டை ஒன்றை மட்டும் நம்பித் தொடங்கவேண்டாம். பான்சிக் கடையில் நூல் எடுக்கும்போது இரண்டு விசயம் பாருங்கள். நன்றாக முறுக்கேறிய நூலில்தான் மேடு எடுப்பாகத் தெரியும், பஞ்சுபோல உப்பிய குழந்தை வூலில் அமுங்கிப்போகும். நிறமும் ஒரே நிறமாக, நடுத்தர அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் பல நிறம் கலந்த நூலிலும் நீங்கள் பட்ட பாடு எவர் கண்ணிலும் படாது.

ஊசி பட்டிக்கு 3.5 மி.மீ., கைப்பகுதிக்கு 4 மி.மீ. அக்காவின் கையில் பெருவிரலைச் சேர்க்காமல், மற்ற நான்கு விரல்களின் அடி முட்டிகளைச் சுற்றி அளந்து அனுப்பச் சொல்லுங்கள். 19 செ.மீ. அளவுக்கு 32 கண்ணி ஒரு நல்ல தொடக்கம். 18 செ.மீ.க்கு 30, 20 செ.மீ.க்கு 34. இந்த எண்கள் நடுத்தர இறுக்கமுள்ள கைக்குப் பொருந்துபவை. உங்கள் கை அதைவிட இறுகியதா தளர்ந்ததா என்பதைப் பட்டியும் முதல் நாலு சுற்றும் சொல்லிவிடும். தனியாக மாதிரித் துண்டு பின்னத் தேவையில்லை. தட்டையாகத் திருப்பித் திருப்பிப் பின்னிய துண்டின் அளவும் வட்டமாகப் பின்னிய துணியின் அளவும் ஒன்றாக இராது என்பதால், கையுறையின் தொடக்கமே நம்பத்தக்க மாதிரி.

மணிக்கட்டுப் பட்டியைக் குறுக்காகப் பின்னுங்கள். வட்டமாகச் சங்கிலி போட்டு அதன்மேல் எழுப்பினால் அந்த முதல் சங்கிலி இழுபடாது, கை நுழையும்போது வெட்டும். 11 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 10 சிங்கிள். திருப்பி, ஒரு சங்கிலி போட்டு, இனி ஒவ்வொரு சிங்கிளையும் கண்ணித் தலையின் பின்பக்க இழைக்குள் மட்டும் போடுங்கள். முன்பக்க இழை விடுபட்டு வரம்புபோல எழும்பும். 32 வரி. இரண்டு வரிக்கு ஒரு வரம்பு என்பதால் 16 வரம்பு தெரிந்தால் கணக்குச் சரி. இரண்டு முனைகளையும் ஸ்லிப் கண்ணியால் உட்புறமாகச் சேர்த்தால் ஏறக்குறைய 6 செ.மீ. உயரமான வளையம் கிடைக்கும். கையைக் குவித்து நுழைக்க முடியவேண்டும், நுழைந்தபின் மணிக்கட்டில் படிந்து நிற்கவேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் வளையத்தின் ஓரத்தில் வரிக்கு ஒன்றாக 32 சிங்கிள் எடுங்கள். இங்கேதான் பலர் "கொஞ்சம் அகலம் இருக்கட்டும்" என்று இரண்டு மூன்று கூட்டிப் போடுவார்கள். வேண்டாம், பெருவிரலடியில் கண்ணி கூட்டிக் கூட்டிப் பின்னும் பெருவிரல் முக்கோணம் அந்த அகலத்தைத் தரும்.

மேட்டைப் புறங்கையில் மட்டும் வைத்து, உள்ளங்கையைச் சாதாரணமாக விடச் சொல்வேன். முழுவதும் மேடு வைத்தால் பேனை, சோக்கட்டி, பையின் பிடி எல்லாம் உள்ளங்கையில் உறுத்தும், நூலும் வீண். குமிழ்க் கண்ணியும் கையுறைக்கு ஏற்றதல்ல. பார்க்க வடிவு, ஆனால் சட்டைக்கைக்குள் சிக்கும், உட்பக்கமாகவும் பிதுங்கும். நாலு முன்தண்டு, நாலு பின்தண்டு (தண்டைப் பின்னாலிருந்து அணைக்கும் கண்ணி) என்று மாற்றிப் போடும் கூடைப் பின்னல், நம்மூர்ப் பன்பாய் இழைத்ததுபோல வரும். அதுவும் அழகுதான், ஆனால் துணி இரட்டைத் தடிப்பாகி விரல் மடங்காது. கையுறைக்குப் பொருத்தம் நெடுக்கு வரம்பு. ஒரு முன்தண்டு டபிள், அடுத்து ஒரு அரை டபிள், மறுபடி முன்தண்டு. ஏன் டபிளும் அரை டபிளும் ஒன்றாக வருகின்றன என்றால், முன்தண்டுக் கண்ணி கீழே தண்டிலிருந்து புறப்படுவதால் அதன் உயரத்தில் ஒரு பகுதி மறைந்துவிடும். மிஞ்சும் உயரம் அரை டபிளோடு சமமாக நிற்கும். பக்கத்தில் முழு டபிள் போட்டால் சுற்று அலைபோல ஏறி இறங்கும்.

முன்தண்டு டபிளைப் போடும்போது நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, கண்ணித் தண்டின் வலப்பக்கத்தால் உள்ளே போய் இடப்பக்கத்தால் வெளியே வாருங்கள். தண்டு ஊசியின்மேல் படுத்திருக்கவேண்டும். நூலைக் கொழுவி இழுக்கும்போது அந்த வளையத்தைச் சுற்றின் விளிம்பு மட்டம்வரை உயர்த்துங்கள். மேடு எழும்பாமல் துணி சுருங்குகிறது என்று முறையிடுபவர்களில் அனேகர் இந்த ஒரு வளையத்தைக் குட்டையாக விடுகிறார்கள். பிறகு வழமைபோல இரண்டிரண்டாக முடித்து, பின்னால் ஒளிந்திருக்கும் தலையைத் தாண்டுங்கள்.

இப்போது வலது கையுறை. சுற்றின் தொடக்கம் சின்னவிரல் பக்கம் இருக்கட்டும். முதல் சுற்று, 4 மி.மீ. ஊசியால் 32 அரை டபிள். இரண்டாவது சுற்றில் முதல் 16 கண்ணி புறங்கை, அதில் முன்தண்டு ஒன்று, அரை டபிள் ஒன்று என எட்டுத் தடவை. அடுத்த 1 கண்ணி பெருவிரலுக்கு. அதில் நிறநூல் ஒன்றைக் கட்டுங்கள். மிச்சம் 15 உள்ளங்கை, வெறும் அரை டபிள். மூன்றாவது சுற்றில் பெருவிரல் கண்ணிக்குள் 3 அரை டபிள், மொத்தம் 34. நாலாவதில் கூட்டல் இல்லை. ஐந்தாவதில் அந்த மூன்றின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு போட்டு 5 ஆக்குங்கள், மொத்தம் 36. ஆறாவது வெறும் சுற்று. ஏழாவதில் மறுபடி இரு ஓரத்திலும் கூட்டி 7, மொத்தம் 38. எட்டாவது வெறும் சுற்று. இவ்வளவும் ஏறக்குறைய 6.5 செ.மீ. உயரம். கையில் போட்டுப் பார்த்தால் பின்னலின் விளிம்பு பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியும் கவட்டில் நிற்கவேண்டும். எட்டாத கைக்கு இன்னுமொரு வெறும் சுற்று. ஒன்பதாவதில் 16 முடிந்ததும் 2 சங்கிலி போட்டு, பெருவிரலின் 7 கண்ணியையும் பின்னாமல் தாண்டி, உள்ளங்கை 15. பத்தாவதில் அந்த இரண்டு சங்கிலியையும் சேர்த்து ஒரே கண்ணியாக முடித்தால் திரும்பவும் 32. பதின்மூன்றாவது சுற்றுவரை அப்படியே போய், 3.5 ஊசிக்கு மாறி ஒரு சுற்று சிங்கிள். ஸ்லிப் கண்ணியால் விளிம்பு கட்டவேண்டாம், அது இழுபடாது, விரலடியைக் கவ்விப் பிடிக்கும்.

இடது கையுறையின் பட்டி அதேதான். மேலே ஒழுங்கு மட்டும் மாறும். முதலில் உள்ளங்கை 15, பிறகு பெருவிரல் 1, கடைசியில் புறங்கை 16. வலது கையாலே பின்னுபவருக்குச் சுற்று எப்போதும் ஒரே திசையில் ஓடும், ஆனால் கைகள் இரண்டும் எதிர்த்திசையில் பார்ப்பவை. அதனால்தான் ஒழுங்கு புரள்கிறது. இடது கையால் பின்னுபவர்கள் நான் வலது என்று சொன்னதைப் பின்னினால் அது இடதாக வரும்.

உங்கள் பெருவிரல் ஓட்டை இரண்டு இடத்தில் நிற்பதற்கு ஒழுங்கைப் புரட்டாதது ஒரு காரணமாக இருக்கலாம். ஒழுங்கு சரியாக இருந்தும் கொஞ்சம் விலகினால் அது சுற்றுப் பின்னலின் இயல்பு. துணியைத் திருப்பாமல் ஒரே பக்கத்தில் பின்னும்போது கண்ணிகள் தண்டுக்கு நேர் மேலே அமராமல் சிறிது சரியும். சுற்று ஏற ஏற எல்லாம் ஒரே பக்கம் நகரும். சோடியில் இது ஒரு கையுறையின் பெருவிரலைப் புறங்கைப் பக்கமும் மற்றதின் பெருவிரலை உள்ளங்கைப் பக்கமும் தள்ளும். எட்டுச் சுற்றில் விலகல் சிறிதாகவே இருக்கும். கண்ணுக்கு உறுத்தினால், ஒரு கண்ணி முன்னதாகவோ பின்னதாகவோ பெருவிரல் அடையாளத்தை வையுங்கள். சுற்றுக்கு ஒருமுறை துணியைத் திருப்பியும் சரிவை நிறுத்தலாம், ஆனால் உட்பக்கச் சுற்றில் முன்தண்டுக்குப் பதில் பின்தண்டு போடவேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது தலையிடி.

பெருவிரலுக்கு 3.5 ஊசியால் தாண்டிவிட்ட 7 கண்ணி, சங்கிலியின் அடிப்பக்கத்தில் 2, இரு மூலையிலும் ஒவ்வொன்று, மொத்தம் 11 எடுங்கள். மூலையில் ஓட்டை விழுவது எல்லாருக்கும் நடப்பது. அங்கே எடுக்கும் கண்ணியை விளிம்பு இழையில் போடாமல் ஒரு சுற்று கீழே ஆழமாக எடுங்கள். மிஞ்சும் இடைவெளியைத் தொடக்க நூலின் வாலால் உட்புறமாக மூடலாம், அதற்காக 15 செ.மீ. வால் விட்டே தொடங்குங்கள். மூன்று சுற்று அரை டபிள், ஒரு சுற்று சிங்கிள், காணும்.

சோடி சேர்க்கும் வழியை இனிச் சொல்கிறேன், இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். இரண்டாவதை முதலாவதின்மேல் வைத்து, நீளம் வந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்தாதீர்கள். பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கண்ணும் நாடாவும் ஏமாறும். மருதமுனையில் தறி ஓட்டுபவர்கள் பாவு இழையை எண்ணித்தான் பூட்டுவார்கள், கைமதிப்பால் அல்ல. உங்களுக்கும் சுற்று எண்ணிக்கைதான் அளவு. ஒரு தாளில் சுற்று இலக்கமும் கண்ணித் தொகையும் எழுதி, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணிக் கோடு போடுங்கள். 32 கண்ணி எண்ண அரை நிமிடம் போதும், எட்டுச் சுற்றை அவிழ்க்க மனம் வராது. கை இறுக்கம் மாறாமலிருக்க, முதலில் பட்டி இரண்டையும் பின்னி முடியுங்கள், பிறகு முக்கோணம் இரண்டையும், பிறகு மேற்பகுதி இரண்டையும். ஒன்றை முடித்து இரண்டு கிழமை கழித்து மற்றதைத் தொடங்கினால் கை வேறு கையாகியிருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் முடிந்தபின் இரண்டையும் நிறுங்கள். சில கிராம் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு சுற்று கூடியிருக்கிறது.

அக்ரிலிக் கையுறைமேல் இஸ்திரிப்பெட்டி வைக்கவேண்டாம். சூட்டில் இழை இளகி மேடு படுத்துவிடும், பிறகு எழும்பாது. நனைத்து, துவாயில் சுருட்டிப் பிழிந்து, கையால் வரம்புகளை நேராக்கித் தட்டையாகக் காயவிட்டால் போதும். கம்பளியாக இருந்தால் ஈரத்தோடு ஊசி குத்தி வடிவப்படுத்தலாம். நம் கரையோரத்தில் நவம்பர் முதல் சனவரி வரையான மழையில் கம்பளி காய நாளெடுக்கும், நிழலில் காற்றோட்டமான இடத்தில் போடாவிட்டால் பூஞ்சண வாடை பிடிக்கும்.

அம்மாவின் விரல் மூட்டு வலிக்கும் இதே கையுறை உதவுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சூடு இதமாக இருக்கும், அவ்வளவுதான் உறுதி. வலியின் காரணத்தை அது மாற்றும் என்று எண்ணி வைத்தியரைப் பார்ப்பதைப் பின்போடவேண்டாம். விரல் வீங்கும் நாட்கள் உண்டென்றால் மேல் விளிம்பின் சிங்கிள் சுற்றையும் 4 மி.மீ. ஊசியால் போட்டு, இரண்டு கண்ணி கூடுதலாக 34இல் தொடங்குங்கள்.

கையிலிருக்கும் இரண்டையும் வீசவேண்டாம். புனல் கையுறையில் பட்டியின் மேலிருந்து சுற்றுச் சுற்றாக எண்ணி, கணக்குப் பிசகிய முதல் சுற்றில் ஊக்கு ஒன்றைக் குத்துங்கள். அதற்கு மேலே உள்ளதை மட்டும் அவிழ்த்தால் போதும். சிறுத்ததை முழுவதும் அவிழ்க்க வேண்டிவரும். அவிழ்த்த நூல் சுருண்டு நெளிந்திருக்கும். அப்படியே பின்னினால் கண்ணி ஒரு சீராக வராது. கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, கொடியில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நெளிவு போய்விடும், இரண்டாவது கையுறைக்கு அந்த நூலே காணும்.